மண்ணுக்கு மேலே ஒரு விரல்

பிளேடக்கா வேலை செய்கிற கொட்டகையில் போன் பேசக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். ஒட்டுப் போடும் மேசையில் உட்கார்ந்தவள் போனை எடுத்தால் கை தடுமாறும், செடி போகும், சில சமயம் விரலும் போகும் என்பது அவள் கட்சி. அப்பேர்ப்பட்டவளின் மடியில் கிடந்த போன் அன்று காலையில் விடாமல் அடித்தது. இரண்டு முறை அடித்து ஓய்ந்து மூன்றாம் முறையும் அடித்தபோது, பக்கத்து மேசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவள் பிளேடைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள். தங்கைதான்.

"அக்கா, தக்காளிச் செடி தலையைத் தொங்கப் போட்டுருச்சு."

"எப்பலேருந்து?"

"நேத்து மத்தியானம் தொங்குச்சு. சாயங்காலம் தானா நிமிந்துக்கிச்சு, சரி வெயிலுக்குத்தான்னு விட்டுட்டேன். இன்னிக்கு வெயில் ஏறலை, அதுக்குள்ள மறுபடியும் தொங்குது. இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்குக்கா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பிளேடக்கா மேசையை விட்டு எழுந்துவிட்டாள். இலை மஞ்சளாகித் தொங்கினால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பச்சை இலையோடு ஒரு தக்காளிச் செடி சுருண்டால், அந்தப் பக்கத்து மண்ணில் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், வாடல் நோய்.

"தண்ணி பாய்ச்சாதே. ஒருத்தரையும் வயலுக்குள்ள விடாதே. நான் வர்றேன்."

"சூளைக்காரர் வந்து பாத்துட்டே போயிட்டாருக்கா."

பக்கத்து நிலத்துச் செங்கல் சூளைக்காரருக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்கிறதோ! பிளேடக்கா போனை வைத்தாள். முதலாளியிடம் போய் அரை நாள் வேண்டும் என்றாள். அவள் விடுப்புக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்காமலே அனுப்பிவிட்டார்.

அவள் பெயரைக் கேட்டதும், பேசிப் பேசியே ஆளைக் கொல்கிறவள் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நடப்பு நேர்மாறு. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கையிலிருக்கிற பாதி பிளேடுதான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முகம் மழிக்கிற சாதாரண பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, அதில் ஒரு பாதியால் நாள் முழுக்கச் செடிகளின் கழுத்தை அறுப்பது அவள் தொழில். அறுத்துவிட்டு ஒட்ட வைப்பாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அது ஒரு நாற்றுப் பண்ணை. நிழல்வலை போட்ட நீளமான கொட்டகைகள், வரிசை வரிசையாகக் குழித்தட்டுகள். ஒரு பக்கத் தட்டுகளில் தக்காளி நாற்று, மறுபக்கத்தில் காட்டுக் கத்தரி. காட்டுக் கத்தரி உடம்பெல்லாம் முள், காய் வாயில் வைக்க விளங்காது, பார்க்கவும் லட்சணமில்லை. ஆனால் அதன் வேர் இருக்கிறதே, அது எமகாதக வேர். தண்ணீர் தேங்கினாலும் அழுகாது, காய்ந்தாலும் சுருளாது. வாடல் நோய்க் கிருமி மண்ணிலிருந்து உள்ளே நுழைந்தாலும் தண்டுக்கு ஏற விடாமல் கீழேயே மடக்கிப் போட்டுவிடும். தக்காளிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வேரில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், கிருமி புகுந்து தண்ணீர் ஏறுகிற குழாய்களையெல்லாம் அடைத்துவிடும். காலடியில் ஈரம் இருக்கும்போதே தாகத்தில் செத்துப்போகும் செடி. அதனால்தான் காட்டுக் கத்தரியின் தலையை வெட்டி, தக்காளியின் காலை வெட்டி, சாய்வான இரண்டு வெட்டுகளையும் பொருத்தி ஒரு சின்னக் கிளிப் போடுகிறார்கள். பிறகு இருட்டும் ஈரமுமாக இருக்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தட்டுகளை வைத்து மூடுவார்கள். பண்ணையில் அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர். பிழைத்து வெளியே வருகிற செடிக்கு அடி காட்டுக் கத்தரி, முடி தக்காளி.

பிளேடக்கா அந்தப் பண்ணைக்கு வந்தது வேறு போக்கிடம் இல்லாமல்தான். அம்மா போனபோது தங்கை பால் மறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்ந்தவள் இவள். பிறகு கல்யாணம் ஆனது. கட்டட வேலைக்குப் போன கணவன் சாரம் சரிந்து போய்ச் சேர்ந்தான். குழந்தை இல்லை. தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பண்ணை வாசலில் வந்து நின்றாள், தட்டுகளுக்குத் தேங்காய் நார்க்கழிவு நிரப்பும் வேலை கிடைத்தது. ஒட்டுப் போட அங்கே யாருக்கும் தெரியாத காலம் அது. முதலாளி எங்கோ பார்த்துவிட்டு வந்து ஆளாளுக்கு ஒரு பிளேடைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் பிணமாகத் திரும்பி வந்தது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. ஒரே பருமனுள்ள தண்டுகளைத் தேடித் தேடிப் பொருத்தினாள், தோற்றாள், தட்டைத் தூக்கிக் கடாசினாள், மறுபடியும் உட்கார்ந்தாள். அவள் பிடிவாதம்தான் அந்தப் பண்ணைக்குச் சோறு போடுகிறது என்று முதலாளியே சொல்வார், அவள் காதில் விழாத இடத்தில்.

தங்கையை அவள்தான் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், குரலை உயர்த்தக்கூட மாட்டார். மறக்கவும் மாட்டார், அதுதான் அவரிடம் இருக்கிற ஒரே வில்லங்கம். கல்யாணமான புதிதில் தங்கை வேலிப்படலைச் சாத்த மறந்து ஆடு புகுந்து ஒரு பாத்தி கீரையை மேய்ந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் எது தொலைந்தாலும், எது உடைந்தாலும், "ஆட்டுக்கு விருந்து வச்ச கை இல்லையா" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். விருந்தாளி முன்னாலும் சொல்வார், பிள்ளைகள் முன்னாலும் சொல்வார். அந்தச் சிரிப்பு தங்கையின் முகத்தில் மட்டும் வராது.

அவருடைய நிலம் ஒரு ஏக்கருக்கும் குறைவு. தொடர்ந்து இரண்டு போகம் தக்காளி வாடலில் போனது. பக்கத்து நிலத்துக்காரர் செங்கல் சூளை வைத்திருப்பவர், அந்த மண்ணின் மேல் அவருக்கு வெகு நாளாகக் கண். "மண்ணு செத்துப்போச்சுங்க, பயிருக்கு ஆகாது, செங்கல்லுக்கு ஆகும்" என்று பார்க்கும்போதெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அதற்குத் தலையாட்டவும் ஆரம்பித்துவிட்டார். இந்தப் பயிரும் போனால் நிலத்தைச் சூளைக்குக் கொடுத்துவிட்டு, தூரத்து நகரத்தில் இருக்கும் அண்ணனிடம் குடும்பத்தோடு போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. மண்ணைத் தோண்டி எடுத்தால் பிறகு அது நிலமா? குழி. தங்கை அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதுதான் பேசாத பிளேடக்கா வாயைக் கொடுத்தாள்.

"என் கை தொட்ட செடி வாடாது, மாப்பிள்ளை. நம்பி நடுங்க."

அவர் நம்பினார். நடவு அன்று அவளே வரப்பில் நின்றாள். ஒரே ஒரு விதிதான் சொன்னாள்: ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு விரலாவது தெரிய வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு செடிக்கும் விரலை வைத்துப் பார்த்து நட்டார். செடிகள் மளமளவென்று எழும்பிப் பூவெடுத்தன. இதுவரை கதை நன்றாகத்தான் போயிற்று.

பேருந்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேற்கே கருகருவென்று கட்டியிருந்தது. நோய் வந்த வயலில் மழை பெய்தால், செத்த செடியின் காலடியிலிருந்து கிருமி தண்ணீரோடு தண்ணீராக வயல் முழுக்கப் போகும். சாயங்காலத்துக்குள் வந்துவிடும்போல இருந்தது மழை.

வரப்பில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். "வாங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. மேற்கு ஓரத்து வரிசைகளில் அங்கங்கே செடிகள் துவண்டு கிடந்தன. பூவும் பிஞ்சுமாக, இலை பச்சைப் பசேலென்று.

அவள் ஒரு செடியை அடித்தண்டில் அறுத்தாள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் கேட்டாள். தங்கை கொண்டுவந்து வைத்தாள். வெட்டிய முனை தண்ணீரில் படும்படி தண்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அந்த டம்ளரையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தங்கை மூச்சு விட்டாள். அடுத்த நொடி, தண்டின் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. பால் கசிவதுபோல மெல்ல மெல்ல இறங்கி டம்ளரின் அடியில் கலங்கியது.

"அதேதான்" என்றார் மாப்பிள்ளை. "போன தடவையும் இதேதான். நீங்க வாடாதுன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

இந்த வயலுக்கு வந்த தட்டுகளுக்கு ஒட்டுப் போட்ட வாரம் அவளுக்குக் காய்ச்சல். யார் சொல்லியும் கேட்காமல் உட்கார்ந்து போட்டாள். வெட்டு சரியாக விழவில்லையா? ஒட்டாத நாற்று கலந்துவிட்டதா? விதையே மாறிப்போய் அது காட்டுக் கத்தரியே இல்லையா? ஆயுசு முழுக்கக் கற்ற ஒரே வித்தை, அதை வைத்துத் தங்கையின் குடியைக் கெடுத்துவிட்டோமா என்று நினைத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததால்தான் பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடத்தைக் காணவில்லை.

அடுத்த செடியைப் பார்த்தாள். அங்கேயும் தண்டு மண்ணுக்குள் நேராக இறங்கியது, தழும்பு வெளியே தெரியவில்லை. விரலால் மண்ணைப் பறித்தாள். தளர்ந்த மண், ஈரமாக விலகியது. நான்கு விரல் ஆழத்தில் ஒட்டுத் தழும்பு கிடைத்தது, சுத்தமாகக் கூடிய வெட்டு, குறையே சொல்ல முடியாது. அதற்கு மேலே, தக்காளித் தண்டைச் சுற்றிலும், வெள்ளை வெளேரென்று புது வேர்கள் இறங்கியிருந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தக்காளித் தண்டை எங்கே மண் தொட்டாலும் அங்கே வேர் விடும். எல்லோரும் தக்காளித் தண்டைச் சுற்றி மண் அணைப்பதே அதற்காகத்தான். வேர் பெருகும், செடி திடப்படும், காய் கூடும். சாதாரணச் செடிக்கு வரம். ஒட்டுச் செடிக்கு அதுவே எமன். கீழே காட்டுக் கத்தரி வாசலை அடைத்துக் காவல் நிற்க, மேலே தக்காளி தன் வேரை விட்டுத் தானே கொல்லைக் கதவைத் திறந்துகொடுத்துவிட்டது.

யாரோ இதற்கு மண் அணைத்திருக்கிறார்கள். மண்வெட்டியால் இழுத்துப் போட்ட மண் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கையாலும் கூட்டி, உள்ளங்கையால் தட்டி, குழந்தைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்திய மண். பிளேடக்கா தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தாள். தங்கை டம்ளரைக் கழுவ வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு மோட்டார் அறைப் பக்கம் நடந்தாள்.

பிளேடக்கா பின்னாலேயே போனாள்.

"நீதானே?"

தங்கையின் உதடு கோணியது. "காத்து அப்படி அடிச்சுதுக்கா. அவரு அவங்க மாமாவைக் கண்ணு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாரு. நான் தனியா இருந்தேன். செடியெல்லாம் அந்த ஒட்டுக்கிட்ட ஆடு ஆடுன்னு ஆடுது, ரெண்டு ஒடிஞ்சே போச்சு. உனக்குப் போன் பண்ணேன். குச்சி நட்டுக் கட்டுன்னு சொன்னே. அத்தனை செடிக்கு நான் குச்சிக்கு எங்க போவேன்? கையில மண்ணுதான் இருந்துச்சு. காத்து அடிச்ச பக்கம் மட்டும் அணைச்சு விட்டேன். எல்லாரும் செய்யறதுதானேக்கா?"

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி."

"நடும்போது சொன்னே. நட்டதுக்கப்புறமும் அப்படித்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கேட்டது நியாயம்தான். போனில் பேசிய அன்றே, மண்ணை மட்டும் தொட்டுவிடாதே என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வார்த்தையைச் சேர்த்துச் சொல்கிற வழக்கம் பிளேடக்காவுக்கு இல்லை.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லிடாதேக்கா. ஒரு ஆடு மேஞ்சதையே இத்தனை வருஷமா மெல்லுறாரு. இது நிலம். நான் சாகிற வரைக்கும் சொல்லுவாரு. என் புள்ளைங்க அதைக் கேட்டுக்கிட்டே வளரும்."

வானம் ஒரு முறை உறுமியது. பேச நேரமில்லை. பிளேடக்கா கையை உதறிக்கொண்டு வயலுக்குத் திரும்பினாள்.

அடுத்து அவள் பேசியதுபோல அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "மாப்பிள்ளை, ஒட்டு தோக்கலை. ஒட்டுக்கு மேல மண்ணு ஏறியிருக்கு. தக்காளி தன்னோட வேரை விட்டு நோயை வாங்கிக்கிச்சு. வாடுன செடி போனதுதான், அதைக் காப்பாத்த முடியாது. வாடாததை இப்பவே தோண்டி ஒட்டை வெளிய எடுத்து, அந்தப் புது வேரை அறுத்துட்டா பிழைக்கும். மழைக்கு முன்னாடி முடிக்கணும். மழைக்கு அப்புறம் அறுத்து ஒண்ணும் ஆகப்போறதில்லை."

அவர் மேகத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், நோய் கண்ட மேற்கு மூலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார், அந்தத் தண்ணீர் மற்ற வரிசைக்குள் வராமல் வெளியே போவதற்கு. வாடிய செடிகளை வேரோடும் மண்ணோடும் சாக்கில் போட்டு, தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போனார். அக்காவும் தங்கையும் மண் அணைத்திருந்த மீதி வரிசைகளில் குனிந்தார்கள். ஒருத்தி மண்ணைப் பறித்துத் தண்டைத் துடைக்க வேண்டும், ஒருத்தி அறுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில், அவள் பண்ணையிலிருந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடி பிளேடு கிடந்தது. ஒரு செடிக்கு ஒரு பிளேடு, அறுத்ததும் வாளிக்குள், அடுத்த செடிக்கு வேறொன்று. நோய்ச் செடியை அறுத்த பிளேடு நல்ல செடியைத் தொட்டால், அப்புறம் சூளைக்காரர் தனியாக உழைக்கவே வேண்டாம்.

அவசரத்தில் அறுக்கிற வேலை இல்லை அது. வேரை மட்டும் சீவ வேண்டும், தண்டின் தோல் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்தக் காயமே போதும். கொட்டகையில் மேசைமேல் கையை ஊன்றி அறுத்துப் பழகியவள், இங்கே ஈர மண்ணில் முட்டி போட்டு, முதுகு இற்றுப்போக, வேர்வை கண்ணில் வழிய அறுத்தாள். பிளீச்சிங் தண்ணீர் விரலின் பிளவுகளில் இறங்கித் தீயாகக் காந்தியது. ஒரு வரிசை முடிந்து நிமிரும்போதெல்லாம் மேகம் இன்னும் கொஞ்சம் கீழே வந்திருந்தது. வரப்பில் சூளைக்காரர் குடையோடு வந்து நின்று, "எதுக்கும்மா வீண் சிரமம், மண்ணு செத்துப்போச்சு" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வாய்க்காலை முடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை எதிர் வரிசையில் உட்கார்ந்து மண்ணைப் பறிக்கத் தொடங்கினார். அவர் கை ஒரு செடியின் அடியில் நின்றது. தட்டிப் போர்த்திய மண்ணை அவரும் பார்த்துவிட்டார்.

"நான் விரல் வச்சுப் பாத்து நட்டேன், அண்ணி. மண்ணு எப்படி ஏறுச்சு?"

பிளேடக்கா அறுத்துக்கொண்டே இருந்தாள். அவள் பக்கத்தில் தங்கையின் கை நின்றுவிட்டது.

"மழையா அடிச்சுக்கிட்டு வந்துச்சு? இது கையால அணைச்ச மண்ணு. யாரு அணைச்சது?" கேட்டது அவளிடம். பார்த்தது மனைவியை. உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு மெல்லக் கிளம்புவதைப் பிளேடக்கா பார்த்தாள்.

"நான்தான் அணைக்கச் சொன்னேன்" என்றாள்.

"நீங்களா?"

"காத்து அடிச்ச அன்னிக்கு இவ போன் பண்ணா. செடி ஆடுதுன்னா. மண்ணு அணைச்சு விடுன்னு நான்தான் சொன்னேன். ஏதோ நெனப்புல சொல்லிட்டேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. அளவோடு பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "உங்க கையை நம்பித்தான் நான் இந்த மண்ணை மறுபடி தொட்டேன்" என்றார். பிறகு குனிந்து மண்ணைப் பறித்தார்.

தங்கை ஏதாவது சொல்வாள் என்று பிளேடக்கா எதிர்பார்த்தாளா? எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். 'சொல்லாதே' என்று தான் கண்ணால் தடுக்க, அவள் 'இல்லைங்க, நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் மனசு ஏங்கியது. தங்கை அடுத்த செடியின் மண்ணைப் பறித்தாள்.

கடைசி இரண்டு வரிசை இருக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. மூன்று பேரும் பைத்தியம் பிடித்தவர்கள்போல அறுத்தார்கள், பறித்தார்கள், ஓடினார்கள். மழை கொட்டித் தீர்க்கத் தொடங்கியபோது ஓரத்தில் கொஞ்சம் செடி மிச்சம் இருந்தது. மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை, மிச்சத்தைப் பிடுங்கிச் சாக்கில் போட்டார்.

விடிய விடிய மழை. காலையில் வயலெல்லாம் தண்ணீர். தக்காளி வேராக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரே போதும், நோய் எதற்கு? காட்டுக் கத்தரி வேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாமல் எது உள்ளே புகுந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? மத்தியான வெயில்தான் சொல்ல வேண்டும். வாடல் புகுந்த செடி அந்த நேரத்தில்தான் முதலில் தலையைத் தொங்கப் போடும்.

பண்ணைக்குத் திரும்பிய பிளேடக்கா ஒவ்வொரு மத்தியானமும் சோற்றைத் தொடவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு போனையே பார்ப்பாள். தங்கை கூப்பிடுவாள். "நிக்குதுக்கா." அவ்வளவுதான் செய்தி. முதல் நாள் அதோடு அழுகையும் இருந்தது. "உனக்கு நான் எப்படிக்கா ஈடு செய்வேன்?" என்று விசும்பினாள். பிளேடக்கா, "போடி, போய் வேலையைப் பாரு" என்றாள். நடுவில் ஒரு நாள் "நாலு செடி தொங்குது" என்றாள். பிளேடக்கா பிடுங்கிப் போடச் சொன்னாள். மறுநாள் தொங்கவில்லை. அதற்கு மறுநாளும் தொங்கவில்லை. பிஞ்சு காயானது. காய் நிறம் மாறியது. நிலம் கொடுப்பதாக இல்லை என்று சூளைக்காரரிடம் மாப்பிள்ளை சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பிளேடக்கா கொட்டகைப் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதாள்.

மாப்பிள்ளை மறக்கிறவர் இல்லையே. அடுத்த போகத்துக்கு நாற்றுச் சொல்ல வந்தபோது, நடந்ததை முதலாளியிடம் ஒன்று விடாமல் சொன்னார். குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வயல் வயலாகப் போய் நடவு சொல்லிக் கொடுக்கிற வேலையை அதுவரை பிளேடக்காதான் பார்த்துவந்தாள். அவள் வாயைத் திறக்கிற ஒரே இடம் அதுதான். முதலாளி சங்கடத்தோடு நெளிந்து, "கொஞ்ச நாளைக்கு வேற யாராவது போகட்டும்மா, நீ மேசையைப் பாத்துக்கோ" என்றார். அவள் சரி என்றாள்.

முதல் அறுவடைக்குத் தங்கை கட்டாயப்படுத்திக் கூப்பிட்டாள். போனாள். வண்டி வந்து நின்றிருந்தது. கூடை கூடையாகப் பழம் வரப்பில் குவிந்திருந்தது. அக்கம்பக்கத்து விவசாயிகள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், அவர்களும் ஒட்டு நாற்று வாங்குகிற யோசனையில் இருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல குஷியில் இருந்தார்.

"நாத்துன்னா இவங்க பண்ணை நாத்துதான். அதுல மறு பேச்சு கிடையாது" என்றார் அவர்களிடம். "ஆனா அண்ணிகிட்ட யோசனை மட்டும் கேட்டுடாதீங்க. காத்தடிக்குதுன்னு கேட்டா, செடிக்குப் போர்வை போத்துன்னு சொல்லுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பிளேடக்காவும் ஒப்புக்குச் சிரித்தாள். தேநீர்த் தட்டோடு வந்த தங்கையும் சிரித்தாள். இத்தனை வருடத்தில் கணவர் கிண்டல் பண்ணி அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தம் வரை தங்கை கூட வந்தாள். பழம் நிரம்பிய பையை அவளே தூக்கி வந்தாள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"இனிமே யார்கிட்டயும் அப்படி மண்ணு அணைக்கச் சொல்லிடாதே. அன்னிக்கு நீ போன்ல சொன்னப்பவே எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. உன்னை எதுத்துப் பேச வேணாமேன்னு விட்டுட்டேன். எதுத்துப் பேசியிருக்கணும், என் தப்பு அதுதான்."

பிளேடக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறாளோ என்று பார்த்தாள். கண்ணில் குறும்பு இல்லை, குற்றவுணர்ச்சி இல்லை, பயமும் இல்லை. சுற்றிலும் யாரும் இல்லை, யாருக்காகவும் நடிக்க வேண்டிய தேவையே இல்லை. தான் சொன்னதை அவளே நம்பினாள். அக்காவுக்காக நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டு நின்றாள்.

அடிப்பாவி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது யார் என்று கேட்டுவிட வேண்டும்போலிருந்தது. கேட்டால் அந்த முகத்துக்குப் பழைய பயம் திரும்பி வரும். இத்தனையும் செய்தது அது வரக்கூடாது என்றுதானே.

பேருந்து வந்துவிட்டது.

"சரிடி. இனிமே சொல்லலை" என்றாள்.

"பழம் நசுங்கிடும்க்கா, மடியிலேயே வச்சுக்கோ" என்று சொல்லி ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தாள் தங்கை. வண்டி நகரும்வரை கையாட்டிக்கொண்டு நின்றாள். பிளேடக்காவும் கையாட்டினாள். அப்புறம் பையை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நடத்துநர் பக்கத்தில் வந்து நின்று எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். ஊர்ப் பெயர் அவளுக்கு உடனே வாயில் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது.